தாயைப் பார்த்துக் குட்டியை எடுங்கள்: நாயை எங்கிருந்து, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாய் வளர்க்க விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் இனத்தைத் தீர்மானிக்கிறார்கள், பிறகு இணையத்தில் படம் பார்க்கிறார்கள், அதன்பின் படத்திலுள்ள குட்டியை யார் உடனே தருவார் என்று விசாரிக்கிறார்கள். அந்தக் குட்டியை ஈன்ற நாய் எங்கே இருக்கிறது, அதற்கு என்ன வயது, இது அதன் எத்தனையாவது ஈற்று என்ற கேள்விகள் கடைசியில்தான் எழுகின்றன. பலருக்கு எழுவதே இல்லை. இந்த வழிகாட்டி அந்தக் கேள்விகளை முன்னுக்குக் கொண்டுவருகிறது. விற்பவர் குட்டியைக் குளிப்பாட்டி நிறுத்தலாம், சான்றிதழை அச்சடித்து வைக்கலாம், இனிக்க இனிக்கப் பேசலாம். ஆனால் ஏறத்தாழ 63 நாள் சுமந்து, ஈன்று, பாலூட்டிய தாயை நேரில் பார்த்துவிட்டால், அது எப்படி நடத்தப்பட்டிருக்கிறது என்பது எவருக்கும் விளங்கிவிடும். நேர்மையற்ற விற்பனையாளர்கள் தாயை மட்டும் கண்ணில் காட்டாமல் இருப்பதற்குக் காரணமும் இதுவே.

இனவிருத்தியே குற்றம் என்று நான் கருதவில்லை. தத்தெடுப்பு மட்டுமே நேர்மையான வழி என்றும் சொல்லப்போவதில்லை. எந்த யோசனையும் இல்லாமல் காப்பகத்திலிருந்து நாயை அழைத்துவந்து, மூன்றே மாதத்தில் திருப்பி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெட்டையை வீட்டுக்குள் வைத்துப் பேணி, அதன் வாழ்நாளில் ஓரிரு முறை மட்டுமே ஈனவிட்டு, ஒவ்வொரு குட்டியும் இன்று எந்த வீட்டில் இருக்கிறது என்று சொல்லக்கூடிய இனவிருத்தியாளர்களும் இருக்கிறார்கள். பொறுப்பானவரையும் பொறுப்பற்றவரையும் பிரித்தறியும் வழிகளைத்தான் கீழே படிப்படியாக விளக்கியிருக்கிறேன்.

படி 1: முதலில் உங்கள் வீட்டை அளந்துபாருங்கள்

பெரும்பாலான நாய்கள் 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழ்கின்றன. சிறிய இனங்கள் அதற்கு மேலும் வாழலாம், கிரேட் டேன் போன்ற பேருருவ இனங்கள் பத்தை எட்டுவதே அரிது. அத்தனை ஆண்டுகளும் தினமும் இருவேளை நடத்திச் செல்ல யார் இருக்கிறார், வீட்டில் எல்லோரும் வெளியே போகும் நாள்களில் நாய் எத்தனை மணி நேரம் தனியே கிடக்கும், எதிர்பாராத அறுவைச் சிகிச்சைக்குப் பணம் எங்கிருந்து வரும், வீடு மாறினால் என்ன செய்வது என்பவற்றை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் இன்னும் ஓராண்டு காத்திருப்பதில் இழப்பொன்றும் இல்லை.

குட்டியா, வளர்ந்த நாயா என்பதையும் இங்கேயே முடிவுசெய்யுங்கள். குட்டியின் அழகு சில மாதங்களுக்கே. அந்த மாதங்களில் தூக்கம் கெடும், செருப்பு கிழியும், தரை நனையும். வளர்ந்த நாயின் உருவமும் சுபாவமும் கண்முன்னே இருக்கின்றன, ஊகிக்க வேண்டியதில்லை. பகலெல்லாம் வேலைக்குச் செல்கிற குடும்பத்துக்கு இரண்டு, மூன்று வயது நாயே பெரும்பாலும் பொருத்தம் என்பது என் கருத்து.

இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தோற்றத்தைவிட அந்த இனம் எந்த வேலைக்காக உருவாக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். ஆட்டு மந்தையை மேய்ப்பதற்காகப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பார்டர் கோலிக்கு மந்தை கிடைக்காவிட்டால், ஓடும் குழந்தைகளையும் மிதிவண்டிகளையும் மேய்க்கத் தொடங்கும். சறுக்குவண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கி, சிறிய வீட்டில் அடைபட்டால் கதவைச் சுரண்டும். அது நாயின் குறும்பன்று. அந்த வேலைக்காகவே மனிதர் அதை அப்படி வளர்த்தெடுத்தார்கள்.

படி 2: இனத் தூய்மை என்பது என்ன விலை கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாய் மனிதனோடு பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறது. ஆனால் இன்று நாம் பெயர் சொல்லி அழைக்கும் இனங்களில் பெரும்பாலானவை கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள் இறுகி வடிவம் பெற்றவை. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1859இல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் நாய் இனங்களையும் அவற்றின் வம்சாவளியையும் பதிவுசெய்யும் அமைப்பான பிரிட்டனின் கென்னல் கிளப் தோன்றியது. வேலைத்திறனைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த காலம் மாறி, காது எப்படித் தொங்க வேண்டும், முகம் எவ்வளவு தட்டையாக இருக்க வேண்டும் என்ற தோற்ற விதிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தது. கூடவே வம்சாவளிப் பதிவேடு மூடப்பட்டது; பதிவேட்டில் உள்ள நாய்களுக்குப் பிறந்தவை மட்டுமே அந்த இனம் என்றாயிற்று.

மூடிய பதிவேட்டின் விளைவு கணக்குப் போட்டாலே விளங்கும். உறவற்ற பெற்றோருக்குப் பிறந்த அண்ணன் தங்கையை இணைத்தால், பிறக்கும் குட்டியின் உட்கலப்புக் கெழு 25 விழுக்காடு. ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளை இணைத்தால் 6.25 விழுக்காடு. அதாவது, ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே மரபணுப் பிரதி இரு பக்கமிருந்தும் குட்டிக்குள் சேர்வதற்கான வாய்ப்பு அவ்வளவு. ஒளிந்திருக்கும் குறைபாடுகள் வெளிப்படுவது இப்படித்தான். கண்காட்சியில் பரிசு வென்ற ஒரே கடுவனை எல்லோரும் தங்கள் பெட்டைகளுக்குச் சேர்க்கும்போது, அதனிடம் மறைந்திருக்கும் ஒரு குறை சில தலைமுறைகளில் இனம் முழுவதும் பரவிவிடுகிறது. பெற்றோர்–பிள்ளை, உடன்பிறப்புச் சேர்க்கையில் பிறந்த குட்டிகளைப் பதிவதை பிரிட்டனின் கென்னல் கிளப் 2009இல்தான் நிறுத்தியது என்பதை எண்ணும்போது, அதற்கு முன் என்னவெல்லாம் வழக்கமாக இருந்தது என்று ஊகிக்கலாம்.

டால்மேஷன் இனத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். யூரிக் அமிலத்தைக் கையாளும் மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றம் தூய இன டால்மேஷன்கள் அனைத்திலும் நிலைபெற்றுவிட்டதால், சிறுநீர்ப்பாதையில் கல் உருவாகி அடைத்துக்கொள்ளும் ஆபத்து அவற்றுக்கு அதிகம். இனத்துக்குள்ளே எவ்வளவு தேடினாலும் நலமான மரபணு கிடைக்காது, ஏனென்றால் அது இனத்திலேயே இல்லை. அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் 1973இல் ஒரு டால்மேஷனை ஒரே ஒரு முறை பாயிண்டர் இன நாயுடன் இணைத்து, பிறந்த குட்டிகளில் நலமான மரபணு கொண்டவற்றைத் தேர்ந்தெடுத்து, மீண்டும் மீண்டும் டால்மேஷன்களோடு சேர்த்துக்கொண்டே வந்தார். சில தலைமுறைகளில் தோற்றத்தால் பிரித்தறிய முடியாத, ஆனால் இந்தக் குறை இல்லாத டால்மேஷன்கள் உருவாயின. அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழிவந்த நாய்களை முழுமையாக ஏற்றது 2011இல். இடைப்பட்ட காலம் முழுவதும் அதைத் தடுத்து நின்ற வாதம், தூய்மை கெட்டுவிடும் என்பதே. தூய்மை என்ற சொல்லை ஒரு விற்பனையாளர் பெருமையோடு உச்சரிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது.

சப்பை முக இனங்களின் துன்பம் இதைவிட வெளிப்படையானது. பக், பிரெஞ்சு புல்டாக், ஆங்கிலேய புல்டாக் ஆகியவற்றின் முக எலும்பு குறுகிப்போனாலும் உள்ளிருக்கும் மென் அண்ணமும் சவ்வும் அதற்கேற்பக் குறுகுவதில்லை. அவை மூச்சுக்குழல் வாயிலில் திணிந்து நிற்கின்றன, நாசித் துளைகளும் ஒடுங்கியிருக்கின்றன. பலரும் ரசிக்கும் அந்தக் குறட்டை ஒலி, காற்றுக்குப் போராடும் ஒலி. நாய் தன் உடல்சூட்டைத் தணித்துக்கொள்வது பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சிரைப்பதன் மூலமே என்பதால், மூச்சுப்பாதை ஒடுங்கிய நாய்க்கு வெயில் நேரத்து நடை உயிராபத்தாக முடியக்கூடும். குட்டியின் தலை பெரிதாகவும் தாயின் இடுப்பு குறுகலாகவும் இருப்பதால் புல்டாக் ஈற்றுகளில் மிகப் பெரும்பான்மை அறுவைச் சிகிச்சை மூலமே நிகழ்கின்றன. மனிதர் துணையின்றி ஈன முடியாத நிலைக்குத் தாயைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அதை இனத்தின் இயல்பு என்று அழைப்பது எனக்கு ஏற்புடையதன்று.

சில நாடுகள் இதைச் சட்டத்தின் வழியே அணுகியிருக்கின்றன. மூக்கின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள நாய்களை இனவிருத்திக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற அளவுகோலை நெதர்லாந்து 2019இல் வகுத்தது. நார்வேயில் 2022இல் ஓஸ்லோ நீதிமன்றம் ஆங்கிலேய புல்டாக், காவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் ஆகிய இரண்டின் இனவிருத்தியும் விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் காவலியர் மீதான தடையை மட்டும் உறுதிசெய்தது. காவலியரின் மண்டையோடு மூளைக்குப் போதாத அளவில் சிறுத்துப்போனதால் தண்டுவடத்தில் நீர்க்குழிகள் உண்டாகி வலிக்கும் நோயும், இதய வால்வு நோயும் அந்த இனத்தில் பரவலாக உள்ளன.

இவற்றையெல்லாம் படித்த பின்னும் சப்பை முக நாய்தான் வேண்டுமென்றால், காப்பகத்துக்கு வந்துசேர்ந்த ஒன்றை எடுத்துப் பேணுங்கள். இந்த இனங்களை மீட்பதற்கென்றே பல நாடுகளில் அமைப்புகள் உண்டு. புதிதாக ஒன்றைப் பிறப்பிக்கச் சொல்லிப் பணம் கொடுக்காதீர்கள்.

படி 3: நாய் வரும் வழிகளைப் பிரித்தறியுங்கள்

காப்பகங்களும் மீட்பு அமைப்புகளும் முதல் வழி. தெருவில் பிறந்த குட்டியை நேரடியாக எடுத்து வளர்ப்பது இரண்டாவது. தெரிந்தவர் வீட்டு நாய் எதிர்பாராமல் ஈன்ற குட்டிகள் மூன்றாவது. இதில் குட்டியை எடுப்பதோடு, தாய்க்குக் கருத்தடை செய்யும்படி அந்த நண்பரை இணங்கவைப்பதும் உங்கள் பொறுப்பாகிறது, இல்லாவிட்டால் அடுத்த ஈற்றுக்கும் உங்களிடமே வருவார். பொறுப்பான இனவிருத்தியாளர் நான்காவது. செல்லப்பிராணிக் கடை, இடைத்தரகர், முகம் தெரியாத இணைய விளம்பரம் ஆகியவை எஞ்சியவை. இவற்றுக்குப் பின்னால்தான் பெரும்பாலும் குட்டித் தொழிற்சாலைகள் இருக்கின்றன.

குட்டித் தொழிற்சாலை என்பது, பெட்டைகளைக் கூண்டில் அடைத்து ஒவ்வொரு பருவத்திலும் சினையாக்கி, குட்டிகளை இடைத்தரகர் வழியே விற்கும் இடம். வேல்ஸில் அப்படி ஓரிடத்திலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற காவலியர் பெட்டை, இடைவிடாத ஈற்றுகளால் உருக்குலைந்த உடலோடு வெளியே வந்தது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்துக்கு மக்கள் அதன் பெயரையே வைத்தார்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளை மூன்றாம் நபர் வணிக நோக்கில் விற்பதை அது தடைசெய்கிறது. வாங்குகிறவர் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும், அல்லது பிறந்த இடத்திலேயே தாயோடு குட்டியைக் காட்டும் இனவிருத்தியாளரிடம் செல்ல வேண்டும். உங்கள் நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லாவிட்டாலும், இதே விதியை உங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ளலாம்.

படி 4: இனவிருத்தியாளரை நேரில் சென்று சோதியுங்கள்

முன்பணம் அனுப்பும் முன் நேரில் செல்லுங்கள். பாதிவழியில் சந்திக்கலாம், வாகன நிறுத்தத்தில் கொண்டுவந்து தருகிறேன் என்பவர்களை அங்கேயே விட்டுவிடுங்கள். நான் வாங்கிய முதல் குட்டி அப்படித்தான் ஒரு காரின் பின்னிருக்கையிலிருந்து என் கைக்கு வந்தது. தாயின் படத்தைக் கைபேசியில் காட்டினார்கள், ஐந்தாம் நாள் குட்டி, குடலைத் தாக்கும் தொற்றான பார்வோ நோயில் இறந்தது. அந்த நோய்க்கிருமி உடலில் புகுந்து அறிகுறி காட்டச் சில நாள்கள் முதல் இரு வாரம் வரை ஆகும் என்பதைப் பின்னர்தான் படித்தேன். குட்டி என் வீட்டுக்கு வரும் முன்பே நோயைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது.

சென்ற இடத்தில் தாயைப் பாருங்கள். பாலூட்டும் நாய் சற்று இளைத்திருப்பதும், முடி உதிர்ந்திருப்பதும் இயல்பு. விலா எலும்பு துருத்திக்கொண்டு, தோல் புண்ணாகி, மனிதரைக் கண்டு மூலையில் ஒடுங்கினால் அது இயல்பன்று. பாலூட்டியதற்கான அடையாளமே இல்லாத ஒரு பெட்டையைத் தாய் என்று காட்டுவதும் நடக்கிறது, ஆகவே மடியைக் கவனியுங்கள்; குட்டிகள் அதனிடம் நெருங்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்றும் பாருங்கள். அச்சமும் முன்கோபமும் ஓரளவு மரபு வழியாகவும், ஓரளவு தாயின் அருகில் வளரும்போதும் குட்டிக்கு வந்துசேர்கின்றன. தந்தை வேறிடத்தில் இருக்கலாம், அதில் தவறில்லை; நல்ல இனவிருத்தியாளர் பொருத்தமான கடுவனைத் தேடி வெகுதூரம் செல்வதுண்டு.

அடுத்து, தாயின் வயதையும் ஈற்றுகளின் எண்ணிக்கையையும் கேளுங்கள். உடலும் சுபாவமும் முதிர்ந்து, நலச் சோதனைகள் முடிவதற்கு ஏறத்தாழ இரண்டு வயதாகிவிடும். முதல் பருவத்திலேயே சினையாக்குபவர் அவசரக்காரர். பெட்டைக்கு ஆண்டில் பொதுவாக இருமுறை பருவம் வரும் என்பதால், ஆண்டுக்கு இரண்டு ஈற்று என்பது உடலால் இயலும். இயலும் என்பதற்காகவே அதைச் செய்கிறவரிடம் வாங்கக் கூடாது. ஈன்று ஓய்ந்த நாய்கள் எங்கே என்றும் கேளுங்கள். அதே வீட்டில் முதிய நாய்கள் கட்டிலுக்கடியில் படுத்திருந்தால் நல்ல அறிகுறி. எல்லா நாயும் இளவயதுப் பெட்டைகளாகவே இருந்தால், முதியவை எங்கே போயின என்ற கேள்விக்குத் தெளிவான பதில் பெறாமல் எழுந்திருக்காதீர்கள்.

நலச் சோதனைகளைப் பொறுத்தவரை, கால்நடை மருத்துவரிடம் காட்டினேன், எல்லாம் நலம் என்ற வாய்மொழி போதாது. எந்த இனத்துக்கு எந்த நோய் பரவலோ, அதற்குரிய சோதனையின் எழுத்து வடிவ முடிவைக் கேட்க வேண்டும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்றவற்றுக்கு இடுப்பு, முழங்கை மூட்டுகளின் எக்ஸ்ரே தேவை. பிரிட்டனின் முறையில் இரண்டு இடுப்புக்கும் சேர்த்து 0 முதல் 106 வரை மதிப்பெண் தரப்படுகிறது, குறைவாக இருந்தால் நல்லது. ஒரு வயதுக்கு முன் எடுத்த படத்தை அங்கே ஏற்பதில்லை, மூட்டுச் சோதனைகளை மதிப்பிட்டுச் சான்று தரும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு இறுதிச் சான்றுக்கு இரண்டு வயது வரை காத்திருக்கச் சொல்கிறது. டாபர்மேனின் இதயத் தசை நோயும் காவலியரின் வால்வு நோயும் வயதேறிய பின்பே தலைகாட்டுவதால், ஒரு வயதுப் பெற்றோரின் இதயம் நன்றாக இருக்கிறது என்ற அறிக்கையால் பெரிய பயனில்லை. தாத்தா, பாட்டி நாய்கள் எந்த வயதில், எதனால் இறந்தன என்று கேட்பது அதைவிடப் பயனுள்ளது.

மரபணுச் சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. விழித்திரை படிப்படியாக அழியும் நோய் போன்ற பலவற்றில், ஒரேயொரு குறைபட்ட பிரதியைச் சுமக்கும் நாய்க்கு நோய் வருவதில்லை. அப்படிச் சுமக்கும் நாயை, குறையற்ற நாயோடு இணைத்தால் எந்தக் குட்டிக்கும் அந்த நோய் வராது; சுமக்கும் இரண்டை இணைத்தால் சராசரியாக நான்கில் ஒன்றுக்கு வரும். ஆகவே, தாய் அந்தக் குறையைச் சுமக்கிறது, அதனால் சோதித்த கடுவனைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஒருவர் திறந்து சொன்னால் அவரைவிட்டு ஓடாதீர்கள். சுமக்கும் நாய்களையெல்லாம் ஒட்டுமொத்தமாக ஒதுக்கினால் ஏற்கெனவே ஒடுங்கிய மரபணு வளம் இன்னும் ஒடுங்கும். தம் வழிவந்த நாய்களுக்கு இதுவரை எந்த நோயுமே வந்ததில்லை என்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

கென்னல் கிளப் சான்றிதழைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. அந்தத் தாள் குட்டியின் பெற்றோர் யார் என்று பதிவுசெய்கிறது, அவ்வளவே. குட்டி நலமாக இருக்கிறது என்றோ, தாய் நன்றாக நடத்தப்பட்டது என்றோ அது உறுதி கூறுவதில்லை.

குட்டிகள் வளரும் இடத்தையும் பாருங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரையிலான காலத்தில் கேட்கும் ஒலிகளும், பழகும் மனிதர்களும் குட்டியின் வாழ்நாள் முழுவதற்கும் உலகம் பாதுகாப்பானதா என்பதைப் பழக்கிவிடுகின்றன. இந்தக் காலத்தின் முதற்பாதி இனவிருத்தியாளர் கையில்தான் இருக்கிறது. கொட்டகையில் தனித்து வளர்ந்த குட்டியைவிட, பாத்திரச் சத்தமும் விருந்தினர் வருகையும் உள்ள அறையில் வளர்ந்த குட்டி பல படி முன்னே நிற்கும். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைப் பிரித்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்; கடியின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தக் குட்டி கற்பது தாயிடமும் உடன்பிறந்தவையிடமும்தான்.

எழுத்து வடிவ ஒப்பந்தம் கேளுங்கள். அதில் நான் முதலில் தேடும் வரி, எந்த வயதிலும், எந்தக் காரணத்தாலும் உங்களால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் நாயைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன் என்பது. தாம் பிறக்கவைத்த நாய் ஒருபோதும் தெருவுக்கோ காப்பகத்துக்கோ போகாது என்று பொறுப்பேற்பவரின் குட்டிகளால் காப்பகங்கள் நிரம்புவதில்லை. மேலும், அவர் உங்களைக் கேள்வி கேட்க வேண்டும்: வீட்டில் யார் இருக்கிறார்கள், முன்பு வளர்த்த நாய் என்னவாயிற்று, வேலை நேரம் என்ன என்றெல்லாம். கேள்வியே கேட்காமல் எப்போது எடுத்துக்கொள்கிறீர்கள் என்று மட்டும் கேட்பவருக்கு நீங்கள் யாராக இருந்தாலும் ஒன்றுதான்.

படி 5: காப்பகத்திலும் கண்ணைத் திறந்து வையுங்கள்

தத்தெடுக்கும்போது தாயைப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் இருக்காது. அதற்கு ஈடாக, நாயை நாளும் பராமரிப்பவர்களின் பேச்சைக் கேளுங்கள். உணவுக் கிண்ணத்தை நெருங்கினால் உறுமுகிறதா, மற்ற நாய்களோடு எப்படி, குழந்தைகளோடு பழகியிருக்கிறதா, எதனால் இங்கு வந்தது, முன்பு யாராவது எடுத்துச் சென்று திருப்பியிருக்கிறார்களா என்று கேளுங்கள். நல்ல காப்பகம் குறைகளை முதலில் சொல்லும். கடித்த வரலாற்றை மறைத்து நாயைத் தள்ளிவிடும் காப்பகமும் உண்டு, அதுவும் ஒரு வகை ஏமாற்றே.

கூண்டுக்குள் காணும் நாய் உண்மையான நாயன்று என்பதையும் மறக்க வேண்டாம். ஓயாத குரைப்புக்கு நடுவே சில நாய்கள் கம்பியில் மோதிக் குதிக்கும், சில சுவரைப் பார்த்துப் படுத்துவிடும். அதனால் வெளியே அமைதியான இடத்தில், வெவ்வேறு நாள்களில், குறைந்தது இருமுறை சந்தியுங்கள். சில நாள்கள் வீட்டில் வைத்துப் பார்க்கத் தற்காலிகப் பராமரிப்பு ஏற்பாடு இருந்தால் அதைவிடச் சிறந்த சோதனை இல்லை. பலரும் சொல்லும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: பதற்றம் தணிய மூன்று நாள், வீட்டின் ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், தன் வீடு என்று நம்ப மூன்று மாதம். மூன்றாம் நாளில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

படி 6: கவரும் சொற்களுக்குப் பின்னால் இருப்பதைப் படியுங்கள்

அரிய நிறம் என்ற விளம்பரம் கண்டால் ஏன் அரிது என்று கேளுங்கள். நீலம், வெள்ளி என்று விற்கப்படும் வெளிறிய நிறங்கள் சில இனங்களில் முடி உதிர்தலோடும் தோல் நோயோடும் சேர்ந்தே வருகின்றன. மெர்ல் எனப்படும் புள்ளிச் சிதறல் நிறமுள்ள இரண்டு நாய்களை இணைத்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாகச் சேர்ந்து, காதோ கண்ணோ செயலிழக்கும் ஆபத்து மிகுகிறது. தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் குட்டி என்று விற்கப்படுபவை பெரும்பாலும் நலிந்து பிறந்தவை, அல்லது குறை வயதில் பிரிக்கப்பட்டவை. அவற்றுக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனச் சரியும், எலும்பு எளிதில் முறியும்.

ஒவ்வாமை தராத நாய் என்று எதுவும் இல்லை. ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் எச்சிலிலும், தோல் துகளிலும், சிறுநீரிலும் இருக்கின்றன. முடி உதிராத நாயிலும் இவை உண்டு. லாப்ரடூடில் என்ற கலப்பு பரவலாக அறியப்பட்டது 1989இல் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர் வழிகாட்டி நாய்ப் பயிற்சி அமைப்பில் பணியாற்றியபோது. நாய் முடி ஒவ்வாத கணவரைக் கொண்ட, பார்வையற்ற ஒரு பெண்ணுக்காக லாப்ரடாரையும் பூடிலையும் அவர் இணைத்தார். அந்தப் பெயரை வைத்துப் பின்னர் எழுந்த வணிக அலையைப் பார்த்து, அதைத் தொடங்கியதற்காகத் தாம் வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். கலப்பினம் என்றாலே நலம் என்பதும் பாதி உண்மையே. லாப்ரடார், பூடில் இரண்டிலும் ஒரே விழித்திரை நோயின் மரபணு இருப்பதால், சோதிக்காமல் இணைத்தால் கலப்புக் குட்டிக்கும் அது வரலாம்.

படி 7: இரக்கத்தால் வாங்காதீர்கள்

இதைக் கடைப்பிடிப்பதுதான் மிகக் கடினம். நீங்கள் சென்ற இடம் நாறுகிறது, குட்டியின் கண்ணில் பீளை, வயிறு ஊதியிருக்கிறது, தாயைக் கேட்டால் வெளியே போயிருக்கிறது என்கிறார்கள். இங்கே விட்டுப்போனால் செத்துவிடுமே என்று மனம் பதறும், அந்தப் பதற்றம் நியாயமானதும்கூட. ஆனால் விற்பவருக்கு உங்கள் இரக்கமும் இன்னொருவரின் ஆசையும் ஒரே வரவுதான். காலியான கூண்டுக்கு அடுத்த ஈற்றிலிருந்து ஒன்று வரும், அதற்காக அதே தாய் மீண்டும் சினையாக்கப்படும். ஒரு குட்டியை மீட்ட கணக்கில், நீங்கள் பார்க்காத தாயின் சிறைக்காலம் நீள்கிறது.

ஆகவே பணம் கொடுக்காமல் வெளியேறுங்கள். பார்த்ததைத் தேதியோடு எழுதுங்கள், இயன்றால் படம் எடுங்கள், விளம்பரத்தைச் சேமித்துவையுங்கள். உங்கள் பகுதியில் விலங்கு வதைத் தடுப்பு அதிகாரம் உள்ள அலுவலகத்திடமோ, விலங்கு நல அமைப்பிடமோ எழுத்தில் புகார் கொடுங்கள். தாயும் குட்டிகளும் சேர்த்து மீட்கப்படுவதற்கு அந்த வழி ஒன்றே உள்ளது. ஏற்கெனவே இரக்கத்தால் வாங்கிவிட்டவரை நான் குறைகூறவில்லை. அவரும் அந்தப் புகாரைக் கொடுக்கலாம், அவரிடம் சான்று அதிகமாகவே இருக்கும்.

படி 8: அழைத்து வரும் நாளும் அதன் பிறகும்

தடுப்பூசி அட்டையில் ஊசியின் பெயர், தொகுதி எண், மருத்துவரின் கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். குடற்புழு நீக்கிய தேதிகளையும், மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண்ணையும் வாங்குங்கள். சிப்பின் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால் தொலைந்த நாய் பழைய உரிமையாளரைத்தான் தேடிப்போகும். இரண்டு, மூன்று நாளுக்குள் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் தடுப்பூசியை முறியடிக்கக்கூடும் என்பதால், அடிப்படை ஊசிகளை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வாரம் வரையிலாவது தொடர வேண்டும். அதுவரை குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டிவைத்தால் பழகும் பருவம் கடந்துவிடும். கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டுவதும், தடுப்பூசி முடிந்த நலமான நாய்களோடு மட்டும் பழகவிடுவதும் நடைமுறைக்கு ஏற்ற இடைவழி.

படி 9: நீங்களும் இனவிருத்தியாளராகிவிடாதீர்கள்

பெட்டை ஒருமுறையாவது ஈன்றால்தான் அதன் உடல் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு மருத்துவ அடிப்படை இல்லை. ஓர் ஈற்றில் எட்டுக் குட்டி பிறந்தால், எட்டுப் பொறுப்பான வீடுகள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கேட்டு வைத்த நண்பர்களில் பாதிப்பேர் குட்டி பிறந்த பின் பின்வாங்குவார்கள். கருத்தடை செய்த பெட்டைக்குக் கருப்பையில் சீழ் கட்டும் உயிர்க்கொல்லி நோய் வரும் ஆபத்து நீங்குகிறது. பெரிய இனங்களில் மிக இளவயதில் செய்தால் மூட்டுகள் பாதிக்கப்படக்கூடும் என்பதால், எந்த மாதத்தில் செய்வது என்பதை மட்டும் இனத்தையும் உடலமைப்பையும் பார்த்து மருத்துவரோடு முடிவுசெய்யுங்கள்.

கடைசியாக, பலரும் செய்யாமல் விடும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் நாய்க்கு இரண்டு வயதிலோ ஏழு வயதிலோ மரபுவழி நோய் ஒன்று தெரியவந்தால், மருத்துவ அறிக்கையின் நகலோடு இனவிருத்தியாளருக்குத் தெரிவியுங்கள். கோபத்தோடு எழுத வேண்டியதில்லை. நோயின் பெயர், கண்டறிந்த வயது, சோதனை முடிவு ஆகியவை போதும். அதே ஈற்றில் பிறந்த மற்ற நாய்களின் வீட்டாரை அவர் எச்சரிக்க முடியும், அந்தத் தாயை மீண்டும் அதே கடுவனோடு சேர்க்காமல் நிறுத்த முடியும். அந்தக் கடிதத்துக்கு அவர் எப்படிப் பதில் எழுதுகிறார் என்பதைப் பொறுத்து, அடுத்த முறை குட்டி தேடும் நண்பருக்கு அவர் பெயரைச் சொல்லலாமா என்பதை நீங்கள் முடிவுசெய்துகொள்ளலாம்.